ஆற்றில் வந்த மரம்

மலைநாட்டில் பெரியாறு பெருகுங்காலத்தில், வேரோடு சாய்ந்த மரங்களும் வெட்டிய கட்டைகளும் மிதந்து வரும். கயிறு வீசி ஒன்றைக் கரையேற்றினால், வாளால் அறுத்து வீட்டுக்கு உத்தரமும் நிலையும் ஆக்கிக்கொள்ளலாம். ஆயின் அவ்வாசைக்கு உயிரே விலையாகவும் கூடும். 1924ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நேர்ந்த வெள்ளம் மூணாற்றின் இரயில் பாதையையே அழித்துவிட்டது. கொல்லம் ஆண்டு 1099இல் வந்தமையால் அதனைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்றே கேரள மக்கள் இன்றும் குறிக்கின்றனர்.

இத்தகைய பெருக்கில் மீட்ட கட்டை எவருடையது? ஆறு தந்தது என்பான் மீட்டவன். எனினும், மரங்களில் அடையாளம் பொறித்து, தெப்பமாகப் பிணைத்து ஆற்றிலே அனுப்புவது முற்கால வணிக வழக்கம். தெப்பம் சிதறியதனால் உடையவனின் உரிமை அற்றுப்போகுமா?

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இதற்கு விடை வகுத்தது. மிதந்து வரும் மரமும் கரை ஒதுங்கிய மரமும், பிறர் தம் உரிமையை நிறுவும்வரை அரசின் உடைமை. உரிமை கோருவோர்க்கு அறிவிப்பு வெளியிட்டு, இரண்டு திங்களுக்குக் குறையாத தவணையும் அளித்தல் வேண்டும். கேரளத்தின் 1961ஆம் ஆண்டு வனச் சட்டமும் இந்நெறியையே தழுவியது.

மரத்தை மீட்டவனையும் அச்சட்டம் மறந்திலது. மீட்புக் கூலிக்கு விதிகள் வகுக்க அதில் இடமுண்டு. கட்டை அவனுடையதன்று, அதனை இழுத்த உழைப்பு அவனுடையதே.