உல்லாசப் படகும் தகுதிச் சான்றும்: ஒரு வரலாற்று ஆய்வு

ஒரு கலம் கடலிற் செல்லத் தகுதியுடையது என்று சான்று கூறற்குரியார் யாவர்? உடையவரா, செய்தவரா, அரசா? இவ்வினாவிற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. அயல்நாட்டிலிருந்து உல்லாசப் படகினை ஐரோப்பாவிற்குள் கொணர்வார் இன்று காட்ட வேண்டிய சான்று அவ்விடைகளுள் பிற்பட்டதாகும். அது தோன்றி வளர்ந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் கலங்களைத் தரங்கண்டவர் காப்புறுதி வணிகரே. இலண்டனில் லாயிடு காப்பிக் கடையைச் சார்ந்த வணிகர் 1760-இல் கப்பற் பதிவுக் கழகம் ஒன்றை நிறுவினர். எஞ்சியுள்ள அவர்தம் பதிவேடுகளுள் மிகப் பழையது 1764-இல் எழுந்தது. கலத்தின் உடலை ஆங்கில உயிரெழுத்து ஐந்தாலும், துணைக்கருவிகளை நன்று, இடை, தீது என்னும் மூன்று நிலைகளாலும் அவர்கள் குறித்தனர். பணம் ஈடுவைப்பாரின் நலங்கருதிய தரம் இது. மாலுமியின் உயிர் இதன் கணக்கில் இல்லை.

அவ்வுயிருக்காகக் குரல் கொடுத்தவர் சாமுவேல் பிலிம்சால் என்னும் ஆங்கிலப் பாராளுமன்ற உறுப்பினர். மிகைச் சுமையால் கப்பல்கள் மூழ்குவதை 1873-இல் ஒரு நூலால் அவர் நாடறியச் செய்தார். அதன் பயனாக 1876-ஆம் ஆண்டுச் சட்டம் சுமைக்கோடு பொறித்தலைக் கட்டாயமாக்கிற்று. எனினும், அக்கோட்டினை எவ்விடத்துப் பொறிப்பது என்பதை உடையவரின் விருப்பத்திற்கே விட்டது. கோட்டின் இடம் சட்டத்தால் உறுதியானது 1890-இல்தான். குறி ஒன்று இருத்தல் மட்டும் போதாது; அதனை இடுவார்மேல் ஒரு கட்டுப்பாடும் வேண்டும் என்பதே இப்பதினான்கு ஆண்டுகள் உணர்த்தும் பாடம்.

வணிகக் கலங்களுக்கு வந்த இவ்வொழுங்கு உல்லாசப் படகுகளை எட்டவில்லை. 1966-ஆம் ஆண்டின் அனைத்துலகச் சுமைக்கோட்டு உடன்படிக்கையும் வணிகத்தில் ஈடுபடாத உல்லாசக் கலங்களையும், 24 மீட்டருக்குக் குறைந்த புதிய கலங்களையும் விலக்கியது. தம் இன்பத்திற்காகச் செல்வார் தம் இடரைத் தாமே ஏற்பர் என்னும் கருத்து இதன் அடியில் உண்டு. ஆயின், ஆலையில் வார்த்தெடுத்த படகின் குறை வாங்குவார் கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆதலின் அக்கருத்து நிலைபெறவில்லை.

அமெரிக்க ஐக்கிய நாடு 1971-இல் இயற்றிய படகுப் பாதுகாப்புச் சட்டம் செய்தவரையே பொறுப்பாளி ஆக்கிற்று. படகைக் கொணர்ந்து விற்பாரும் இப்பொறுப்பில் செய்தவரோடு ஒப்ப வைக்கப்பட்டனர். 1972 நவம்பர் முதலாகப் படகின் உடலில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறி பொறிக்கப்படலாயிற்று.

ஐரோப்பாவில் 94/25 என்னும் எண்ணுடைய நெறியாணை 1994 சூன் 16-இல் பிறந்தது. 2.5 மீட்டர் முதல் 24 மீட்டர் வரை நீளமுள்ள படகுகள் அதன் எல்லைக்குட்பட்டன. உடன்படிக்கை விலக்கிய அளவும் நெறியாணை தழுவிய அளவும் 24 மீட்டரிலேயே சந்திப்பது ஒப்புநோக்கத்தக்கது. காற்றின் விசையும் அலையின் உயரமும் கொண்டு படகுகள் நான்கு வகையாயின. முதல் வகை காற்று விசை எட்டினையும் 4 மீட்டர் அலையினையும் விஞ்சிய கடலுக்குரியது. இரண்டாவது அவ்வளவு வரைக்கும், மூன்றாவது விசை ஆறும் 2 மீட்டர் அலையும் வரைக்கும் உரியன. நான்காவது ஆறும் கால்வாயும் போன்ற அமைதியான நீர்க்குரியது.

அமைதியான நீர்க்குரிய படகிற்குச் செய்தவர் தாமே இணக்கம் கூறலாம். பெருங்கடற்குரியதற்கு அறிவிக்கப்பட்ட ஆய்வமைப்பு ஒன்று தலையிட வேண்டும். இடர் மிகுந்தோறும் தன்சான்று சுருங்குகிறது. 1890-இன் பாடம் ஈண்டு வேறு வடிவில் மீளக் காணப்படுகிறது எனலாம்.

ஆயின் செய்தவர் அயல்நாட்டிலிருந்து இச்சான்றினைத் தாராவிடின் என் செய்வது? 2003-ஆம் ஆண்டின் திருத்தம் கட்டிமுடிந்த பின் மதிப்பிடும் முறையை வகுத்தது. அதன்பின் 2013/53 என்னும் நெறியாணை 2016 சனவரி 18 முதல் நடைமுறைக்கு வந்து, தம் பயனுக்கெனப் படகு கொணரும் தனியாரைப் பெயர் சுட்டியே கூறிற்று. செய்தவர் பொறுப்பேற்காத படகினை ஆய்வமைப்பிடம் காட்டி, வடிவமைப்பு விவரங்களைத் தந்து, இணக்கத்தை நிலைநாட்டும் கடமை அவர்க்காயிற்று. 1950-க்கு முன் வடிவமைத்த வரலாற்றுப் படகுகளும், போட்டிக்கெனவே கட்டியவையும், வெனிசு நகரின் கொண்டோலாவும் விலக்குப் பெற்றன.

இவ்வாற்றால் சான்று கூறும் பொறுப்பு காப்புறுதி வணிகரிடமிருந்து அரசிற்கும், அரசிடமிருந்து செய்தவர்க்கும், இறுதியில் வாங்கிக் கொணர்வார்க்கும் பெயர்ந்தமை விளங்கும். இதில் ஒரு முரணும் உண்டு. வாங்குவாரைக் காத்தற்கு எழுந்த சட்டம், அயல்நாட்டுப் பழைய படகொன்றை வாங்கியவரிடம், அவர் வரையாத வரைபடத்தையும் காணாத கணக்கையும் கேட்கிறது. எனினும் அக்கடமையை நீக்கின், ஒரு கரையில் விற்க இயலாத குறையுடைய படகு மறுகரையில் எளிதில் விலைபோகும். கலத்தின் தகுதியை அறிந்தவர் ஒருவர், அதனோடு மூழ்கக்கூடியவர் மற்றொருவர் என்னும் நிலையில், முன்னவரைப் பேசவைக்க இயலாதவிடத்துப் பின்னவரேனும் வினவி அறிதல் வேண்டும் என்பதே இவ்வரலாற்றினால் பெறப்படும் முடிபாகும்.