கட்குழி நரம்புகளும் 1872ஆம் ஆண்டும்: மலையக மருத்துவ வரலாற்றிலிருந்து ஒரு குறிப்பு

கித்துல்கலையிலிருந்து வளைந்து வளைந்து மேலேறும் பாதை கினிகத்தேனையில் சற்றே மூச்சு வாங்கிப் பின்னர் அட்டனை நோக்கித் திரும்புகின்றது. அப்பாதைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் என் பெரியப்பா முப்பது ஆண்டுகள் கவ்வாத்து வெட்டியவர். ஒருநாள் பக்கத்து நிரையில் வெட்டியவரின் கத்தி வழுக்கி அவரது வலப் புருவத்தை எலும்பு வரை கிழித்தது. காயம் தைக்கப்பட்டது, ஆறவும் செய்தது. ஆயின் அன்றுமுதல் அப்பக்கத்து நெற்றியும் உச்சி வரையிலான தலைப்பகுதியும் மரத்துவிட்டன. சீப்புப் படுவதும் மழைத்துளி விழுவதும் அங்கே அவருக்குத் தெரிவதில்லை. 'நெத்தி செத்துப்போச்சு' என்பார். காரணத்தை எவரும் அவருக்குக் கூறவில்லை. காயத்தைத் தைத்தவர் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னாராம். இடையில் நின்றவர் அதனைச் 'சரியாப் போயிரும்' என்ற இரு சொற்களில் மொழிபெயர்த்தாராம்.

அந்த நீண்ட வாக்கியத்தில் என்ன இருந்திருக்கக்கூடும் என்பதை ஊகிப்பது கடினமன்று. கட்குழி, ஏழு எலும்புகளால் ஆன ஒரு கூம்பகம் போன்றது. அதன் அகன்ற வாய் முகத்தில் உள்ளது. குறுகிய முனை மண்டையினுள்ளே பின்னோக்கிச் செல்கின்றது. அம்முனைப்புறத்தில் உள்ள ஒரு துவாரத்தின் வழியே பார்வை நரம்பும், அதன் அருகிலுள்ள பிளவின் வழியே கண்ணை அசைக்கும் மூன்றாம், நான்காம், ஆறாம் மூளை நரம்புகளும், தொடுவுணர்வைச் சுமக்கும் ஐந்தாம் நரம்பின் முதற் பிரிவும் கட்குழியை அடைகின்றன. இம்முதற் பிரிவின் கிளையொன்று கட்குழியின் கூரையை ஒட்டி முன்னே வந்து, புருவத்தின் உட்பாதியில் எலும்பு விளிம்பிலுள்ள சிறு பள்ளத்தினூடாக வெளியேறி, நெற்றியில் ஏறி உச்சி வரை பரவுகின்றது. விரலால் அழுத்திப் பார்க்கும் பலர் அப்பள்ளத்தை உணரலாம். பெரியப்பாவின் புருவத்தில் கத்தி இறங்கியதும் அங்கேயே. ஐந்தாம் நரம்பின் இரண்டாம் பிரிவோ கட்குழியின் தளத்தில் ஓடிக் கன்னத்தில் வெளிப்படுகின்றது. ஆதலின் முகத்தில் அடிபட்டவரின் கன்னமும் மேலுதடும் மரத்திருப்பின், தள எலும்பு உடைந்திருக்கலாம் என வைத்தியர் ஐயுறுவர். சிறு பஞ்சுத் துண்டொன்றே அச்சோதனைக்குப் போதுமானது.

இவ்வறிவைத் தமிழில் கூற இயலாது என்று எவரேனும் கருதின், அவர் மானிப்பாயை மறந்தவராவார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அவரிடம் ஆங்கிலத்தில் கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் நாடி வெளியேறினர். கிராமங்கள் வைத்தியரின்றியே கிடந்தன. இதனைக் கண்ட கிறீன், 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். இரணவைத்தியம் 1867இல் வெளிவந்தது. 1858இல் இலண்டனில் வெளிவந்திருந்த ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல், மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் 1872இல் தமிழானது. கெமிஸ்தம் 1875இலும் மனுஷ சுகரணம் 1883இலும் தொடர்ந்தன. சப்மன், டன்வொர்த் முதலிய மாணவர்களின் உழைப்பும் இம்முயற்சிகளில் கலந்திருந்தது. (பெயர்கள் அமெரிக்கருடையவை; ஆட்கள் யாழ்ப்பாணத்தவர். மிஷன் சூட்டிய பெயர்கள் அவை.) கிறீனின் நோக்கம் தூய மொழிப்பற்று அன்று. தமிழரைக் கிறிஸ்தவராக்க விரும்பியவர் அவர். ஆங்கிலேயராக்க விரும்பாதவர் என்பதே அவரது சிறப்பு. அம்பி போன்றோர் அவரது பணியை விரிவாக ஆராய்ந்துள்ளமையால் இங்கு இவ்வளவு போதும்.

நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே 1872ஆம் ஆண்டிலே, இதே தீவிலே, மருத்துவத் தேவைகள் பற்றிய 14ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. கோப்பித் தோட்டங்களில் உழைத்த இந்தியத் தொழிலாளருக்கு வைத்திய உதவி அளிப்பதே அதன் பொருள். அத்தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையினர் தமிழர். ஒருபுறம் தமிழில் உடற்கூற்று நூல். மறுபுறம் தமிழ் உழைப்பாளரின் உடலுக்கான சட்டம். இரண்டும் ஒரே ஆண்டில் தோன்றியும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

சந்திக்காமைக்கு முதற் காரணம் கொழும்பில் உள்ளது. 1870இல் அங்கு தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியின் மொழி ஆங்கிலம். அரசாங்க வைத்தியப் பதவிக்கான வழி அதுவாயிற்று. 1873இல் கிறீன் தாயகம் திரும்பிய பின் மானிப்பாயின் தமிழ்வழிக் கற்பித்தல் நீடிக்கவில்லை. இரண்டாவது காரணம் தோட்டத்தின் உற்பத்தி அமைப்பிலேயே உள்ளது. துரைமாரும் தமிழ் கற்றனர் என்பது உண்மையே. அவர்களுக்கென வெளிவந்த கைந்நூலொன்றின் பெயர் 'இங்கே வா' என்பதாகும். கட்டளையிடப் போதுமான தமிழ் அவர்களிடம் இருந்தது. காரணம் கூறுவதற்கான தமிழ் மானிப்பாயில் அச்சாகிக் கிடந்தது. மூன்றாவது காரணத்தைக் கூறாது விடுவது நேர்மையன்று: யாழ்ப்பாணத்துக் கற்றோர் மலையகத்தை நோக்கவில்லை. தோட்டத் தொழிலாளருள் எழுத்தறிந்தோர் மிகச் சிலரே என்று சமாதானம் கூறுவதுண்டு. நூலைத் தொழிலாளர் படித்திருக்க வேண்டியதில்லை. புண் கட்டுபவரும் மருந்து கலப்பவரும் படித்திருந்தாலே போதுமானது.

கிறீன் 1884 மே மாதத்தில் மசச்சூசெற்ஸில் காலமானார். அவ்வாண்டு செப்டெம்பரிலே, கொக்கெயின் துளிகள் கண்ணை மரக்கச் செய்யும் என்ற கார்ல் கொல்லரின் கண்டுபிடிப்பு ஹைடல்பேர்க் மாநாட்டில் காட்டப்பட்டது. சில வாரங்களில் நியூயோர்க்கில் ஹேர்மன் நாப் அம்மருந்தைக் கண்ணின் பின்புறத்திலும் ஊசியால் செலுத்தினார். அதுவரை ஏட்டறிவாய் இருந்த கட்குழி நரம்புகளின் ஒழுங்கு, அன்றுமுதல் கத்தி எடுப்போரின் அன்றாடத் தேவையாயிற்று. சான்றாக, கண்தசைகள் அமைக்கும் கூம்பினுள் மருந்து செலுத்தினால் மூன்றாம், ஆறாம் நரம்புகள் அடங்கும். கூம்புக்கு வெளியே செல்லும் நான்காம் நரம்பு தப்பிவிடுவதுண்டு. அசைவற்றதாகத் தோன்றும் கண் அப்போதும் சற்றே சுழலும். கண்தசையைப் பிடித்திழுக்கையில் இதயத் துடிப்பே தளரக்கூடும் என்பதும் 1908இல் அறியப்பட்டது. அச்செய்தியை மூளைக்குக் கொண்டு செல்வதும் ஐந்தாம் நரம்பே.

இம்மாற்றத்தின் மொழிசார் விளைவு போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து. குளோரபோமில் மயங்கிக் கிடந்தவரிடம் பேசவேண்டியதில்லை. 1884க்குப் பின் கண்ணறுவை பெரும்பாலும் விழித்திருப்பவரிடமே செய்யப்படுகின்றது. 1936இல் அற்கின்சன் விளக்கிய முறையில், ஊசி ஏற்றும்போது நோயாளி மேலேயும் உட்புறமாகவும் பார்க்க வேண்டும். அவ்வாறு பார்க்கையில் பார்வை நரம்பு ஊசியின் பாதைக்கு நெருங்கி வருகின்றது என்பதை 1981இல் அன்சோல்ட் முதலியோர் கணினிவழிக் கதிர்ப்படங்களால் காட்டினர். அதன்பின் 'நேரே பாருங்கள்' என்பதே அறிவுரையாயிற்று. ஊசிக்கும் பார்வை நரம்புக்கும் இடையிலுள்ள தூரம், நோயாளி விளங்கிக்கொள்ளும் இரு சொற்களைப் பொறுத்தது. அச்சொற்கள் எம்மொழியில் சொல்லப்படுகின்றன என்பது அறுவைக்குப் புறம்பான கேள்வி என்று இனியும் கூறமுடியுமா?

1912இன் 9ஆம் இலக்கச் சட்டம், 1970களில் தோட்டங்கள் அரசுடைமையானமை, 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றமை என்று தோட்ட மருத்துவத்தின் பிற்கால வரலாறு நீண்டது. வைத்தியக் கல்வியின் மொழி இவற்றுள் எதனாலும் மாறவில்லை.

சென்ற முறை ஊர் சென்றபோது, பழைய சம்பளச் சிட்டையொன்றின் பின்புறத்தில் கட்குழியை வரைந்து, நரம்பு வெளியேறும் இடத்தைப் பெரியப்பாவுக்குக் காட்டினேன். தன் புருவத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். பின்பு கூறினார்: "இத அப்பவே ஒருத்தரு சொல்லியிருந்தா, தம்பி, ரோதமுனிக்கு நேந்துவிட்ட சேவலாச்சும் மிஞ்சியிருக்கும்."