மீன்பாடும் நாட்டில் மரக்கறிச் சோறு



மட்டக்களப்பை 'மீன்பாடும் தேனாடு' என்று அழைப்பது நம்மவர் மரபு. கல்லடிப் பாலத்தடியில் நிலவு இரவுகளில் வாவியின் அடியிலிருந்து எழும் ஓசையைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லை. அந்தப் பெயரில் மீன் உண்டு, தேன் உண்டு, மரக்கறி இல்லை. இறாலும் நண்டும் மணலையும் செப்பலியும் வாசலுக்கு வந்து சேரும் ஒரு நாட்டில், ஊனற்ற உணவுக்கு என்ன வரலாறு இருக்க முடியும்? வடக்கிலிருந்தோ தமிழகத்திலிருந்தோ வந்து இறங்கிய பழக்கமா அது? அன்றி, இந்த மண்ணிலேயே அதற்கு வேர் உண்டா? படுவான்கரையில் மண்டூரைச் சேர்ந்தவன் என்ற முறையிலும், தமிழ் கற்பிப்பவன் என்ற முறையிலும் இக்கேள்வியை நான் நெடுநாளாக எண்ணி வந்திருக்கிறேன்.

முதலில் சொற்களை நோக்குவோம். ஊனுணவு அனைத்தையும் நாம் 'மச்சம்' என்கிறோம். மச்சம் என்பது மீனைக் குறிக்கும் வடசொல். கோழி சமைத்தாலும் ஆட்டிறைச்சி சமைத்தாலும் அது மச்சச் சாப்பாடுதான். ஊன் என்றால் முதலில் மீனே நினைவுக்கு வரும் கரையோர மக்களின் வழக்கு இது. தமிழகத்தில் இதனையே 'அசைவம்' என்பர். அதாவது சைவம் அல்லாதது. அங்கே ஒரு சமயத்தின் பெயரே உணவின் பெயராகி, அதன் மறுப்பு மற்றைய உணவின் பெயராயிற்று. 'கறி' என்ற சொல்லின் பயணமும் சுவையானது. சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. இன்று தமிழகத்தில் பல இடங்களில் கறி என்றால் இறைச்சி. நமக்கோ பூசணிக்காயும் கறி, பருப்பும் கறி. மரத்திலும் கொடியிலும் காய்ப்பது மரக்கறி.

சங்ககாலத் தமிழர் ஊனுண்டனர் என்பதை மறுப்பதற்கில்லை. இரவும் பகலும் ஊன் தின்றதால் தன் பற்கள் உழுத கொழுப்போல மழுங்கின என்று ஒரு பொருநன் கூறுவதைப் பொருநராற்றுப்படையிற் காண்கிறோம். தம்மை அந்தணன் என்று கூறிக்கொள்ளும் கபிலரும் ஊன்சோற்றைக் கூச்சமின்றிப் பாடியவரே. ஆயினும் அதே காலத்தில் மரக்கறிச் சமையலும் இருந்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஆற்றுப்படுத்தப்படும் பாணன் வெவ்வேறு நிலத்து மக்களின் வீடுகளில் வெவ்வேறு உணவு பெறுகிறான். மறையவர் வீட்டில் அவனுக்குக் கிடைப்பது சோறு. பசு வெண்ணெயில் வெந்த மாதுளம் பிஞ்சு. அதனோடு மிளகும் கறிவேப்பிலையும். தொட்டுக்கொள்ள மாவடு ஊறுகாய். ஏறத்தாழ 2000 ஆண்டுக்கு முற்பட்ட அந்தப் பந்தியிற் போய் அமர்ந்தால் நமக்கும் ஒரு குறையும் தோன்றாது. புலவர் எந்த வீட்டையும் இழித்துப் பேசவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. ஊன் தந்த வீடும் மாவடு தந்த வீடும் அவருக்கு விருந்தோம்பும் வீடுகளே.

புலாலை மறுப்பதை அறமாக வற்புறுத்தியவர்கள் சமணரும் பௌத்தரும். திருக்குறளில் 26 ஆம் அதிகாரம் புலான்மறுத்தல். 33 ஆம் அதிகாரம் கொல்லாமை. தின்பவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்ற வாதத்தை, இன்றைய பொருளியலாளர் போல, வள்ளுவர் முன்வைக்கிறார். ஆனால் மாணவர்களுக்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டும் ஒரு செய்தி உண்டு. இவ்விரு அதிகாரங்களும் துறவறவியலில் உள்ளன. இல்லறத்தானுக்கு வள்ளுவர் முதலிற் சொல்வது அன்புடைமையும் விருந்தோம்பலும். புலால் மறுத்தவன் விருந்தினரை மறுக்கலாம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

மணிமேகலையில் வரும் சாதுவன் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கிய சாதுவன், அவர்தம் தலைவனிடம் கள்ளும் ஊனும் தீது என்கிறான். அவற்றை விட்டால் நாங்கள் வாழ்வது எப்படி, எமக்கு இயைந்த அறத்தைச் சொல் என்று கேட்கிறான் தலைவன். சாதுவன் சினக்கவில்லை. கப்பல் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாதே. மூத்துத் தானே இறக்கும் விலங்கன்றி வேறெவ்வுயிரையும் கொல்லாதே என்று அளவறிந்து கூறுகிறான். கேட்பவனின் நிலமும் தொழிலும் அறிந்து அறம் சொல்லும் இந்தப் பக்குவம் பின்வந்த போதகர் பலருக்கு வாய்க்கவில்லை.

சைவம் பிற்காலத்தில் புலான்மறுத்தலைத் தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டது. எனினும் 12 ஆம் நூற்றாண்டிற் பெரியபுராணம் பாடிய சேக்கிழார், வாயால் மென்று சுவை பார்த்த இறைச்சியைப் படைத்த வேடர் கண்ணப்பரை அன்பின் உச்சியில் வைத்தார். நாகப்பட்டினத்துக் கடற்றொழிலாளி அதிபத்தரும் அறுபத்துமூவரில் ஒருவரே. வலையில் அகப்படும் மீனில் ஒன்றைச் சிவனுக்கென்று அவர் கடலிலேயே விட்டுவிடுவார். ஒரு மீன் மட்டும் அகப்பட்ட நாளிலும் அப்படியே விட்டார். வலையை விடாமலே அடியாரானவர் அவர்.

19 ஆம் நூற்றாண்டில் இக்கொள்கை புதிய வேகம் பெற்றது. 1847 இல் இங்கிலாந்தில் மரக்கறி உணவாளருக்கென்று ஒரு சங்கம் தோன்றியது. அதற்கு முன்னர் அங்கே அவ்வுணவைக் கிரேக்க ஞானி பைதகரசின் பெயரால் அழைத்தனர். 1888 இல் சட்டம் படிக்க இலண்டன் சென்ற காந்தியடிகள், தாய்க்குக் கொடுத்த வாக்கினால் மட்டும் காத்துவந்த உணவுமுறையை, அத்தகைய இயக்கத்தாரின் நூலைப் படித்தபின்னரே மனமொப்பி ஏற்றார். யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவருடைய சைவ வினாவிடைகள் வழியாக ஊனுண்ணல் பாவம் என்ற பாடம் பிள்ளைகளின் மனத்திற் பதிந்தது. கோயில்களில் உயிர்ப்பலியிடுவதையும் அவர் கண்டித்தார். தமிழகத்தில் வள்ளலார் 1867 இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவினார். புலால் மறுத்தலையும் பசித்தவர் எவராயினும் சோறிடுதலையும் அவர் ஒன்றாக இணைத்தார். அங்கு மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் இருக்கிறது. அதேவேளை நம் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் சேர்ந்த இராமகிருஷ்ண சங்கத்தின் தாயகமான வங்கத்தில் துறவியரும் மீனுண்பர். ஆகவே ஒருவர் இலையைப் பார்த்து அவருடைய ஆன்மிகத்தை அளக்க முடியாது.

இனி நம்மூருக்கு வருவோம். எழுவான்கரையினர் குருமண்வெளியிலிருந்து பாதையில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூருக்கு வருவது நெடுங்கால வழக்கம். தில்லை மரங்கள் சூழ்ந்த இந்தக் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பர். கதிர்காமத்திற் போலவே இங்கும் பூசை செய்பவர் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு மௌனமாகவே பூசை செய்கிறார். ஆவணித் திருவிழாவுக்குக் கொடியேறும் முன்னரே வீடுகள் கழுவப்படும். மச்சச் சட்டிகள் கோடியில் ஒதுக்கப்படும். மரக்கறிக்கென்று வேறு சட்டி அடுப்பேறும். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு வந்தாலும் இதே ஒழுங்குதான். குளிர்த்தி முடியும்வரை மீன் வாசம் ஊரில் இராது. இதை எந்தப் போதகரும் வந்து கற்பித்ததாகச் சொல்வாரில்லை. கதிர்காமத்து வள்ளி வேடர் மகள். அவள் முருகனுக்குக் கொடுத்தது தேனும் தினைமாவும் என்பதே நம்மவர் சொல்லும் கதை. வேடன் வீட்டிலும் ஊனில்லாத உணவு உண்டு என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

நான் மரக்கறிக்கு மாறியது இந்த வழியில்தான். 2015 ஆம் ஆண்டுத் திருவிழா விரதம் முடிந்தது; கோடியில் வைத்த மச்சச் சட்டியை எனக்காக எடுக்க வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். சம்பலில் இடும் மாசிதான் பெருந்தடையாக இருந்தது. மாசியில்லாத சம்பலா என்று பிள்ளைகள் முகஞ்சுளித்தனர். வெங்காயத்தையும் செத்தல் மிளகாயையும் இளந்தீயில் பொறுமையாக வதக்கி, கடைசியில் தேசிக்காய்ப்புளி விட்டால் மாசியின் குறை தெரியாது என்று கண்டுபிடித்தவர் என் அம்மா. பிஞ்சுப் பலாக்காயைக் கறித்தூளும் கொறுக்காய்ப் புளியும் இட்டு மண்சட்டியில் வற்றவிட்டால் அதன் நாரும் சாறும் இறைச்சிக்குச் சளைத்தவையல்ல. முருங்கையிலைச் சுண்டல், கத்தரிக்காய்ப் பால்கறி, வெந்தயம் தாளித்த பாலாணம், பலாக்கொட்டை பிரட்டல், வல்லாரைச் சம்பல் என்று வாரம் முழுவதும் ஒன்றுபோல் ஒன்று வருவதில்லை. இறுதியில் படுவான்கரை எருமைத் தயிர். இவையெல்லாம் புதிதாகக் கற்ற சமையல் அல்ல. விரத நாளுக்கென்று நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்தவை. நான் செய்ததெல்லாம் அந்த நாள்களைப் பெருக்கிக்கொண்டதுதான். வீட்டில் மற்றவர்கள் மீனுண்கிறார்கள். ஒரே அடுப்பு, இரண்டு சட்டி.

வாவியில் வலை வீசும் பெரியவர் ஒருவர் பல ஆண்டுகளாக எங்கள் வீட்டுக்கு மீன் தருபவர். செய்தி கேள்விப்பட்டு ஒருநாள் வாசலிலேயே கேட்டார்: "என்ன மாஸ்டர், எங்கட மீனோட கோவமோ?"

"மீனோடயும் கோவமில்ல, உங்களோடயும் கோவமில்ல அண்ணன்" என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப சரி. விரதத்துக்கு நாங்களும் தின்னாம இருக்கிறதுதானே. நீங்க விரதத்தக் கொஞ்சம் நீட்டிப் போட்டீங்க."

நான் படித்த நூல்களில் கிடைக்காத விளக்கம் அது. அவருடைய கேள்வியில் இருந்த மெல்லிய காயத்தையும் நான் கவனித்தேன். 'நாங்கள் சைவம்' என்று ஒருவர் பெருமையோடு சொல்லும்போது, மீன் பிடிப்பவரும் மீனுண்பவரும் சிவனை வழிபட்டாலும் சைவர் அல்லர் என்றாகிவிடுகிறது. ஒரு சொல் மனிதரைத் தரம் பிரித்துவிடுகிறது. பந்தியில் யாரை எங்கே இருத்துவது, யார் வீட்டில் தண்ணீர் குடிப்பது என்பனவெல்லாம் இந்தச் சொல்லின் நிழலில் நடந்த காலம் வெகுதூரத்தில் இல்லை. உயிர்க்கொலைக்கு அஞ்சிப் பிறந்த ஓர் அறம், மனிதரை இழிவுசெய்யும் கருவியானால் அதன் பயன்தான் என்ன?

ஊனற்ற உணவெல்லாம் அறத்தால் வருவதும் இல்லை. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபின், கடல் கொண்ட உறவுகளை நினைத்து இக்கரையோர மக்கள் பலர் வாரக்கணக்கில் மீனைத் தொடவில்லை. அது துக்கத்தின் விரதம். படகும் வலையும் இழந்து நின்ற கடற்றொழிலாளருக்கு அதுவே இன்னொரு அடியாயிற்று. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றிப் படகுகள் கரையில் கிடந்தன, மீன்விலை ஏறியது. முந்திய ஆண்டு இரசாயன உர இறக்குமதிக்கு விதித்த தடையினால் விளைச்சல் குன்றி, மரக்கறி விலையும் ஏறியது. அப்போது எத்தனையோ வீடுகளில் ஊனும் இல்லை, காயும் இல்லை. வெறும் சோறும் சொதியும்தான். அதை யாரும் கொல்லாமை என்று போற்ற முடியாது. பிள்ளையின் தட்டில் ஒரு துண்டு மீன் விழாதா என்று ஏங்கும் தாயிடம் போய்ப் புலான்மறுத்தல் அதிகாரத்தை விரிப்பவன் வள்ளுவரை அறியாதவன்.

இவ்வாறு நோக்கும்போது, நம் பிரதேசத்து மரக்கறி மரபு பிறப்பாலோ கட்டளையாலோ வந்ததன்று என்பது தெளிவாகிறது. வலை வீசுபவரும் வயல் உழுபவரும் ஆண்டில் சில நாள்கள் தாமாக விரும்பிக் கைக்கொண்ட அடக்கம் அது. மீண்டும் மீனுக்குத் திரும்பும்போது அவர்கள் தாழ்ந்துவிடுவதில்லை. திரும்பாமல் நின்றுவிட்டவன் உயர்ந்துவிடுவதும் இல்லை. மரக்கறிக்கு மாற விரும்பும் இளையோருக்கு நான் சொல்வது இதுதான்: வேறெங்கும் தேட வேண்டாம். உங்கள் அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் விரதச் சமையலைக் கேட்டுப் பழகுங்கள். அதை மகிழ்ந்து உண்ணுங்கள். பக்கத்து இலையில் மீன் இருந்தால் அந்த இலைக்குரியவரோடு பேசிச் சிரித்தபடியே உண்ணுங்கள்.