இலையிலிருந்து மங்குக்கு

ஜொகூர் மாநிலத்தின் கூலாய் மாவட்டத்துச் செடெனாக்கில் இன்று கண்ணில் படுவது செம்பனையும் தரவு மையங்களும்தான். ஆனால் ஜொகூர்த் தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சீவியது ரப்பர் மரத்தை. மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சொட்டிய அந்தப் பால், இலையில் உருவான சர்க்கரையின் மறுவடிவம்.

வெயிலில் இலை சமைப்பது சுக்ரோஸ். அழுத்த வேறுபாட்டால் அது பட்டை வழியே கீழே இறங்குகிறது. இந்த விளக்கத்தை 1930இல் எர்ன்ஸ்ட் முன்ச் தந்தார். இதுவரை பயணம் எளிது. ரப்பர் பால் உருவாகும் பால்குழாயின் வாசலில்தான் சிக்கல். மரத்தின் மற்ற செல்களுக்கிடையே நுண்வழிகள் உண்டு. முதிர்ந்த பால்குழாய்க்கும் அண்டைச் செல்லுக்கும் இடையே அவை இல்லை என்றே சொல்லலாம். சர்க்கரை செல்லின் சவ்வைக் கடந்தாக வேண்டும். சவ்வோ கொழுப்பு; நீரில் கரையும் சர்க்கரை அதற்குள் தானாகப் புகாது.

அதனால் பால்குழாய்ச் செல் முதலில் ஆற்றலைச் செலவு செய்கிறது. சவ்விலுள்ள ஒரு பம்பு, ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறை எரித்து, புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. வெளியே நெருக்கியடித்த புரோட்டான்கள் உள்ளே திரும்பத் துடிக்கும். கடத்திப் புரதம் அவற்றுக்கு வழிவிடுகிறது, கூடவே சுக்ரோஸையும் இழுத்துக்கொண்டால் மட்டும். உள்ளே போன சர்க்கரை உடைந்து, பல படிகள் மாறி, ஐசோப்ரீன் கண்ணிகளாகக் கோக்கப்பட்டு ரப்பராகிறது. பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதுதான்.

விடியுமுன் மரம் சீவியதன் காரணமும் இங்கே இருக்கிறது. இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்காத வேளையில் பால்குழாயில் அழுத்தம் மிகுதி. கத்தி பட்டதும் வழிவது பால்குழாய்ச் செல்லின் உள்ளீடே. இழந்ததை மீண்டும் சேர்க்க, சர்க்கரை அதே வாசலில் நுழைய வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை அந்த நேரத்தைத்தான் மரத்துக்குக் கொடுத்தது. பட்டையில் எத்திலீன் மருந்து பூசினால் பால் கூடும். 2010இல் சீன ஆய்வாளர்கள், அந்த வாசலில் சுக்ரோஸை உள்ளே கொண்டுவரும் எஸ்யுடி3 என்ற கடத்திப் புரதத்துக்கும் பால் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். ஆனால் மருந்து சர்க்கரையைப் படைப்பதில்லை. அளவு மீறி வெட்டி, அளவு மீறிப் பூசிய மரத்தில் பட்டை வறண்டு பால் நின்றுபோகிறது.

ஆண்டின் தொடக்க மாதங்களில் மரம் இலை உதிர்க்கும். சர்க்கரை குறையும், பால் குறையும், எடைக்கு ஏற்பக் கூலி வாங்கிய குடும்பங்களில் வருமானமும் குறைந்தது.