கதிர்வீச்சும் தாடை எலும்பும்: முன்னறியும் முயற்சியின் வரலாறு

வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு, மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தாடை எலும்பின் ஒரு பகுதி செத்துப்போய் ஈறைத் தாண்டி வெளியே தெரியும். மருத்துவத்தில் இதற்கு ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் என்று பெயர். வலியும் சீழும் வரும். வாய் திறப்பது கடினமாகும். முற்றினால் எலும்பே முறியும். கீழ்த்தாடை அடர்ந்த எலும்பு. அதன் ரத்த ஓட்டம் பெரும்பாலும் ஒரே தமனியை நம்பியிருக்கிறது. அதனால் மேல்தாடையைவிட அதிகம் பாதிக்கப்படுவது அதுதான்.

ரோன்ட்கன் 1895இல் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே அவை சிகிச்சைக்கு வந்துவிட்டன. தாடைக்கு நேரும் கேட்டை 1920களில் பிரான்சில் ரெகோவும் அமெரிக்காவில் ஜேம்ஸ் யூயிங்கும் விவரித்தனர். அக்காலத்துக் குறைந்த ஆற்றல் கதிர்களைச் சதையைவிட எலும்பு பல மடங்கு உறிஞ்சிக்கொண்டது. 1951இல் கனடாவில் அதிக ஆற்றல் கதிர் தரும் கோபால்ட்-60 கருவிகள் பயன்பாட்டுக்கு வந்தபின் இந்த வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. ஆனால் கட்டியை அழிக்க 60 கிரேக்கு (கதிர் அளவின் அலகு) மேல் கதிர் தேவைப்பட்டதால் ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை.

காரணம் குறித்த கருத்தும் மாறிவந்தது. கதிர்வீச்சு, காயம், கிருமித் தொற்று மூன்றும் சேர்ந்தே எலும்பை அழிக்கின்றன என்று 1970இல் மேயர் கூறினார். ரத்தக் குழாய்களும் உயிரணுக்களும் ஆக்சிஜனும் குறைந்த திசுவால் தன்னைச் சீர்செய்துகொள்ள முடிவதில்லை என்று 1983இல் ராபர்ட் மார்க்ஸ் விளக்கினார். அதையொட்டி உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை பரவியது. ஆனால் 2004இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு அதனால் பலன் இருப்பதாகக் காட்டவில்லை. திசு நார்போல் இறுகுவதே அடிப்படை என்ற விளக்கமும் பின்னர் வலுப்பெற்றது.

இந்தக் காலம் முழுவதும் படங்கள் நடந்து முடிந்த சேதத்தையே காட்டின. பின்லாந்தின் பாட்டெரோ உருவாக்கிய முறையால் தாடை முழுவதையும் ஒரே எக்ஸ்ரே படத்தில் பார்க்க முடிந்தது. ஆனால் எலும்பின் தாதுச்சத்தில் கணிசமான பங்கு கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும். 1971இல் முதல் நோயாளிக்கு எடுக்கப்பட்ட சி.டி. ஸ்கேன், எலும்பு ஓட்டில் விழும் விரிசலையும் தனியே கழன்ற எலும்புத் துண்டையும் துல்லியமாகக் காட்டும் வழியைத் திறந்தது. அதுவும் பின்விளைவைக் காட்டிய படமே.

சிகிச்சையைத் திட்டமிட சி.டி. பயன்பட்டபோது நிலைமை மாறத் தொடங்கியது. தாடையின் எந்தப் பகுதி எத்தனை கிரே வாங்கும் என்பதைச் சிகிச்சைக்கு முன்பே கணிக்க முடிந்தது. 1990களில் வளர்ந்த ஐ.எம்.ஆர்.டி. முறையில் கதிரின் அளவைக் கட்டியின் வடிவத்துக்கேற்ப அமைத்துத் தாடையைக் காக்கவும் முடிந்தது. ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்து ஆய்வாளர்கள், மருந்து செலுத்தி அடுத்தடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ. படங்களில், சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே தாடையின் நுண்குழாய்களில் மாற்றம் தெரிவதைக் கண்டனர். படத்தின் நுண்ணமைப்பை எண்களாக்கிக் கணினியால் ஆபத்தை மதிப்பிடும் ரேடியோமிக்ஸ் ஆய்வுகளும் நடைபெறுகின்றன.

இவை இன்னும் அன்றாட மருத்துவமாகவில்லை. பாதிக்கப்படுவோர் சிலரே என்பதால், ஒரு மருத்துவமனையின் கணிப்பைப் பல மருத்துவமனைகளில் சரிபார்த்த பிறகே நம்ப முடியும். கணிப்பு உறுதிப்பட்டால், அதிக ஆபத்துள்ளவரின் தாடைக்குச் செல்லும் கதிரைக் குறைக்கலாம். பழுதான பற்களைச் சிகிச்சைக்கு முன்பே அகற்றலாம். பின்னாளில் பல் பிடுங்க நேர்ந்தால் கூடுதல் கவனம் எடுக்கலாம்.