ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: அவசர சிகிச்சைப் பிரிவில் பக்கவாதத் தடுப்பு மருந்து

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கும் நிலை. நாடி தாளம் தப்பும். சிலருக்குப் படபடப்பு, மூச்சிரைப்பு, தலைசுற்றல் வரும். சிலருக்கு எதுவுமே தெரியாது. இந்த நோயில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது பக்கவாதத்துக்குத்தான். இடது மேலறையின் ஓரத்தில் காதுமடல் போல ஒரு சிறு பை ஒட்டிக்கொண்டிருக்கும். மேலறை சுருங்காதபோது அந்தப் பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி பிரிந்து கிளம்பினால் மூளைக்குப் போகும் குழாயை அடைத்துவிடும். அமெரிக்காவின் ஃப்ராமிங்காம் ஆய்வு 1991-ல் தந்த கணக்குப்படி, இந்நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஐம்பதுகளில் இருப்பவர்களின் பக்கவாதங்களில் 1.5 சதவீதத்துக்கு இது காரணம் என்றால், எண்பதுகளில் அது 23.5 சதவீதம்.

இதைத் தடுக்க மருந்து உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும். ஆஸ்பிரின் தடுப்பது ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் வார்ஃபரின் சாப்பிடுகிறவர் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்து, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். கீரை கூடினாலும் புதிதாக ஓர் ஆன்டிபயாடிக் சேர்ந்தாலும் அளவு மாறும். 2009-ல் வெளியான ரீ-லை ஆய்வு 18,113 பேரிடம் டபிகாட்ரானை வார்ஃபரினோடு ஒப்பிட்டுப் புதிய வழி திறந்தது. ரிவரொக்சபான், அபிக்சபான், எடொக்சபான் பின்னால் வந்தன. இவற்றுக்கு அந்த ஐ.என்.ஆர். அலைச்சல் இல்லை. 2011-ல் வந்த அவெரோஸ் ஆய்வில் வார்ஃபரின் ஒத்துவராதவர்களுக்கு அபிக்சபானோ ஆஸ்பிரினோ கொடுத்துப் பார்த்தார்கள். பக்கவாதமும் பிற ரத்தக்கட்டி அடைப்பும் ஆஸ்பிரின் குழுவில் ஆண்டுக்கு 3.7 சதவீதம், அபிக்சபான் குழுவில் 1.6. பெரிய ரத்தக்கசிவில் இரண்டுக்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. 'ஆஸ்பிரினாவது போடுவோம், அதில் ஆபத்து குறைவு' என்ற பழைய சமாதானம் அன்றோடு செல்லாமல் போனது.

ரீ-லையும் அவெரோஸும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஹாமில்டன் நகர ஆய்வாளர்கள் தலைமையில் நடந்தவை. அதே மாகாணத்தின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து இந்நோயாளிகள் பெரும்பாலோர் மருந்துச் சீட்டு இல்லாமல் வீடு திரும்பினார்கள் என்பதுதான் இதில் உறுத்தும் செய்தி.

அது எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். எழுபத்திரண்டு வயது அம்மா, ரத்தக் கொதிப்பு உண்டு. இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு படபடக்க வருகிறார். இ.சி.ஜி.யில் 'பி' அலைகள் இல்லை, துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி ஒழுங்கில்லை, வேகம் நிமிடத்துக்கு 140. ஊசி போட்டோ, மயக்கம் கொடுத்து மின்னதிர்ச்சி செலுத்தியோ தாளத்தைச் சரிசெய்கிறார்கள். காலையில் நாடி 76, சீராக இருக்கிறது. அம்மா சிரிக்கிறார், மகள் நன்றி சொல்கிறார். சீட்டில் 'குடும்ப மருத்துவரைப் பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதப்படுகிறது. அவரைத் துரத்தி வந்த ஆபத்து துளியும் குறையவில்லை. வயதும் கொதிப்பும் அப்படியே இருக்க, அந்தப் பையும் அங்கேயேதான் இருக்கிறது. தாளம் திரும்பிய முதல் சில வாரங்களில் மேலறை இன்னும் மந்தமாகவே சுருங்குவதால் கட்டி உருவாக அதுவே தோதான காலம்.

மருத்துவர் ஏன் எழுதாமல் விடுகிறார்? சோம்பலோ அக்கறையின்மையோ காரணம் என்று சொன்னால் அது அநியாயம். நீண்ட நாள் மருந்தைத் தொடங்குவது தம் வேலையில்லை, நோயாளியைத் தொடர்ந்து பார்ப்பவர் முடிவு செய்யட்டும் என்பது அவசரப் பிரிவில் ஊறிய மரபு. ரத்தக்கசிவு பயம் அதைவிடப் பெரிது. தாம் எழுதிய மாத்திரையால் ஒருவருக்கு மூளையில் ரத்தம் கசிந்தால் அது மனத்தை அறுக்கும். எழுதாததால் மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் சேர்ந்த பக்கவாத நோயாளி கண்ணில் படமாட்டார். 'வயசானவர், கீழே விழுவார்' என்பதும் அடிக்கடி கேட்கும் காரணம். கனடாவின் ஆட்டவா நகர மருத்துவர்கள் 1999-ல் இதைக் கணக்குப் போட்டே பார்த்தார்கள். விழுந்து மண்டைக்குள் ரத்தம் கட்டும் ஆபத்து வார்ஃபரினின் பலனை மிஞ்ச வேண்டுமானால், அந்த முதியவர் ஆண்டுக்குச் சுமார் 295 தடவை விழ வேண்டும்.

இவற்றோடு சின்னச் சின்ன முட்டுக்கட்டைகளும் சேர்ந்துகொள்ளும். ஒன்டாரியோவில் 65 வயதைத் தாண்டியவர்களின் மருந்துச் செலவைப் பெரும்பாலும் அரசுத் திட்டமே ஏற்கிறது. ஆனால் புதிய மருந்துகள் வந்தபோது சீட்டில் அதற்குரிய குறியீட்டு எண்ணையும் எழுத வேண்டியிருந்தது. எண் விடுபட்டால் மருந்துக்கடையில் சிக்கல். நள்ளிரவில் அந்த எண்ணைத் தேடிக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கும்?

கிளேர் அட்செமா என்ற அவசர மருத்துவரும் அவர் குழுவினரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. ஒன்டாரியோவின் 15 மருத்துவமனைகளில் அவசரப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய, 65 வயதும் அதற்கு மேலும் ஆன ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளின் பதிவேடுகளை அவர்கள் புரட்டினார்கள். அங்கேயே சீட்டு பெற்றவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. ஒத்த நிலையில் இருந்தவர்களை இணைத்துப் பார்த்தபோது, ஆறு மாதம் கழித்து மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் அங்கேயே சீட்டு பெற்ற குழுவில் 67.8 சதவீதம், மற்றக் குழுவில் 37.2 சதவீதம். 'குடும்ப மருத்துவர் எழுதிக்கொள்வார்' என்ற நம்பிக்கைக்கு இந்த இரண்டு எண்களே பதில். பலருடைய விஷயத்தில் அவர் எழுதவில்லை. முதல் சீட்டு எங்கே எழுதப்படுகிறதோ அங்கிருந்துதான் பழக்கமும் தொடங்குகிறது.

அப்படியானால் வழி என்ன? கனடா முதலில் கணக்கை எளிதாக்கியது. பழைய மதிப்பெண் முறைகளில் வயதுக்கு இவ்வளவு, சர்க்கரைக்கு இவ்வளவு என்று கூட்டிக்கொண்டிருக்க வேண்டும். கனடிய இதய மருத்துவச் சங்கத்தின் 'சாட்ஸ்-65' விதியில் கூட்டலே கிடையாது. வயது 65 ஆகிவிட்டதா? மருந்து எழுது. ஆகவில்லையா? இதயச் செயலிழப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், முன்பு வந்த பக்கவாதம் இவற்றில் ஒன்றாவது இருந்தாலும் எழுது. படுக்கைகள் நிரம்பி நோயாளிகள் காத்திருக்கும்போதும் மனத்தில் நிற்கும் விதி இது. அடுத்து, கனடிய அவசர மருத்துவர்கள் சங்கம் 2018-ல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டு 2021-ல் அதைப் புதுப்பித்தது. ஆட்டவாவின் இயன் ஸ்டீல் அதற்குத் தலைமை தாங்கினார். சாட்ஸ்-65 சொன்னால் உறைவுத் தடுப்பு மருந்தை அவசரப் பிரிவிலேயே தொடங்க வேண்டும் என்று அந்தப் பட்டியல் சொல்கிறது. என்னைக் கேட்டால், பட்டியலின் பலம் தகவலில் இல்லை, பொறுப்பு யாருடையது என்று தீர்த்து வைத்ததில்தான் இருக்கிறது. வட கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே மருத்துவமனைகளில் இதே வேலையைக் கணினித் திரையிலேயே நினைவூட்டும் கருவியாகச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

எழுதுவது என்று முடிவு செய்தபின் கவனிக்க வேண்டியது அளவு. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கிரியேட்டினின், வயது, எடை வைத்துக் கணக்கிட வேண்டும். பயத்தில் அளவைக் குறைப்பது வழக்கமான தவறு. அபிக்சபானின் முழு அளவு 5 மி.கி., தினம் இரு வேளை. வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், கிரியேட்டினின் 1.5 மி.கி. அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் இரண்டு இருந்தால் மட்டுமே 2.5 மி.கி. ஒன்றே ஒன்று இருந்தால் முழு அளவுதான். அரை அளவு மாத்திரை மருத்துவருக்கு நிம்மதி தரலாம், நோயாளிக்குப் பாதுகாப்பு பாதியாகலாம். ரிவரொக்சபானைச் சாப்பாட்டோடுதான் சாப்பிட வேண்டும், வெறும் வயிற்றில் முழுதாக உறிஞ்சப்படாது. ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு அது இனி வேண்டுமா என்று பார்த்தாக வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடும். 'உங்கள் படபடப்பு நின்றுவிட்டது, இந்த மாத்திரை அதற்கில்லை, பக்கவாதம் வராமல் இருக்க' என்று நோயாளியிடம் தெளிவாகச் சொல்லி அனுப்புவதும் சிகிச்சைதான். சொல்லாவிட்டால் டப்பா காலியானதும் நிறுத்திவிடுவார்.

இந்த விதிகள் பொருந்தாத ஒரு கூட்டம் உண்டு, நம் ஊர் மருத்துவர்களுக்கு அது நன்கு தெரிந்த கூட்டம். சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும், செயற்கை உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் சாட்ஸ்-65 கணக்கு தேவையில்லை. வயது இருபத்தெட்டு ஆனாலும் மருந்து வேண்டும், அதுவும் பழைய வார்ஃபரின் வகைதான். 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு, ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்காவின் 24 நாடுகளில், வாதக் காய்ச்சலால் இதயம் பாதிக்கப்பட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்த நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களிடம் ரிவரொக்சபானைச் சோதித்தது. பழைய மருந்துக் குழுவில்தான் இறப்பு குறைவாக இருந்தது. ஆகவே தமிழ்நாட்டில் ஓர் இளம்பெண் தாளம் தப்பிய நாடியோடு வந்தால், சீட்டில் கைவைக்குமுன் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து, எக்கோ எடுத்து வால்வைப் பார்த்துவிட வேண்டும். சுருக்கம் இருந்தால் அவர் கையில் கொடுக்க வேண்டியது வார்ஃபரின் அல்லது இங்கே எல்லோரும் 'அசிட்ரோம்' என்று அறிந்திருக்கும் மாத்திரை. அதோடு அடுத்த பி.டி. ஐ.என்.ஆர். பரிசோதனைக்கு எந்தத் தேதியில் வர வேண்டும் என்பதையும் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும்.