முகவரிப் பங்கீடு: பந்திக்குப் பிந்தியவர் கதை

முகவரி இல்லாத கடிதம் உரியவரைச் சேராது. கணினிக்கும் அஃதே விதி. சிங்கப்பூரின் அஞ்சல் முகவரிக்கும் உலகின் இணைய முகவரிக்கும் 1995ஆம் ஆண்டு ஒரு திருப்பம் ஆகும். ஒன்று விரைந்து முடிந்தது. மற்றொன்று இன்னும் முடியவில்லை. காரணம் யாது?

சிங்கப்பூர் 1950இல் 28 அஞ்சல் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் நான்கிலக்கக் குறியீடு வந்தது. 1995 செப்டம்பர் 1 முதல் அது ஆறிலக்கமாயிற்று. தேக்காவின் அடுக்குமாடிகளும் சிராங்கூன் சாலைக் கடைவீடுகளும் தத்தமக்கெனத் தனியெண் பெற்றன. ஆணையிட ஓர் அதிகாரம் இருந்தமையால் நாள் குறித்து மாற்ற முடிந்தது.

இணையத்தின் நிலை வேறு. அதன் நான்காம் பதிப்பு முறையில் உள்ள எண்கள் ஏறத்தாழ 429 கோடியே. தொடக்கத்தில் இவை 1 கோடியே 67 இலட்சம், 65,536, 256 என்னும் மூன்று அளவுகளில் தொகுதிகளாக வழங்கப்பட்டன. 300 எண் வேண்டியவரும் 65,536 பெற நேர்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதலளவுத் தொகுதி ஒன்றைப் பெற்றது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டாம் அளவே வாய்த்தது. பந்திக்கு முந்தியவர் வயிறார உண்டனர்.

1993இல் இம்முறை தளர்ந்தது. தேவைக்கேற்ற அளவில் தொகுதி வழங்க வழி பிறந்தது. அவ்வாண்டே ஆசிய பசிபிக் வட்டாரப் பதிவகமான ஏப்னிக் சோதனை முயற்சியாகத் தோன்றியது. வட்டார இணைய வல்லுநரின் 'ஏப்ரிகாட்' மாநாடு முதன்முதலில் கூடியது சிங்கப்பூரில், 1996இல்.

ஆயினும் 2011 பிப்ரவரி 3இல் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. ஏப்ரல் 15இல் ஏப்னிக் தன் இறுதித் தொகுதியைத் தொட்டது. அன்று முதல் பெரிய நிறுவனமாயினும் சிறியதாயினும் அத்தொகுதியிலிருந்து பெறக்கூடியது 1,024 எண்களே. 2019இல் இவ்வரம்பு 512 ஆயிற்று.

தோட்டப் பள்ளியில் பாடநூல் குறைவாக வந்த ஆண்டுகளில், இடையில் வந்து சேரும் பிள்ளைக்கென இரண்டொன்றை எடுத்து வைப்பது எம் வழக்கம். இவ்விதியின் உட்பொருளும் அதுவே.

எண்பெருக்கம் மிக்க ஆறாம் பதிப்பு முறை 1995 டிசம்பரிலேயே வெளியிடப்பட்டது. ஆனால் உலகுக்கு நாள் குறிக்க வல்லார் எவருமிலர். பழையதும் புதியதும் நேரே உரையாடுவதுமில்லை. ஆகவே பழைய எண்ணுக்கு விலை ஏறிற்று. மாசசூசெட்ஸ் கழகம் 2017இல் தன் எண்களில் ஒரு பகுதியை விற்றது. இலவசமாய் வந்தது விலைப்பொருளாயிற்று.

பொதுப்பொருளைப் பங்கிடுவோர், வாயிலில் நிற்பவரை மட்டுமன்றி வழியில் வருபவரையும் எண்ணுதல் வேண்டும். இணைய முகவரியின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.